குருமுங்கா பாப்பாவின் அப்பாவுக்கு

அன்புள்ள கண்ணு,

இந்தக் காகிதத்தைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வரும். சரவணம்பட்டிக்கும் தொண்டாமுத்தூருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பாதைதான், இதற்குப் போய் அப்பன் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் சொல்லலாம் என்றால், "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று அடுக்கிவிட்டு நீ வைத்துவிடுவாய். எதற்குச் சரி சொன்னாய் என்று உனக்கே தெரியாது. நேரில் சொல்லலாம் என்றால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் உன் அம்மா நடுவில் புகுந்து சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். கோபமும் சாப்பாடும் மோதினால் நம் வீட்டில் எப்போதும் சாப்பாடுதான் ஜெயிக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன், அவள் தெருவுக்கே சொல்லிவிடுவாள். ஆகவே இது ஊரறிந்த கடிதம் என்றே வைத்துக்கொள். உன்னைப் போலப் பிள்ளையின் மழலையைப் போனில் பிடித்துப் போடுகிற அப்பன்மார் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயம் யாழினியைப் பற்றியது. காதுகுத்து அன்றைக்கே எனக்கு மனசுக்குள் ஒரு நெருடல். ஆனைமலைப் பக்கத்தில் நம் குலதெய்வக் கோயிலில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. ஒரு பக்கம் கெடா விருந்துக்கு அடுப்பு எரிகிறது, இன்னொரு பக்கம் மைக்செட்காரன் காது கிழியப் பாட்டுப் போடுகிறான். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்ததும், மறு காதுக்குக் கை வருவதற்குள், "போதுங்கப்பா, வலிக்குதுங்கப்பா, ஊட்டுக்குப் போலாங்கப்பா" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் அழுதாள். நீ அவளுக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். மறு காதும் ஆனது. அவள் அழுகையை நிறுத்தத்தான் நீ கேட்டாய், அது எனக்குத் தெரியும். "யாழிக்குட்டி, இங்க பாருங்க, உங்களுக்கு என்ன சாம்பார் புடிக்கும், சொல்லுங்க" என்றாய். அவள் போனைப் பார்த்தாள். அழுகையை விழுங்கி, மூக்கை உறிஞ்சி, கன்னத்தில் கண்ணீர் காயாமலேயே, "குருமுங்கா சாம்பாருங்க" என்றாள். கூட்டமே சிரித்தது, நானும்தான். சிரித்து முடிக்கும்போதுதான் உறைத்தது. வலியில் கத்தியபோது அத்தனை திருத்தமாகப் பேசிய பிள்ளை, போனைக் கண்டதும் எப்படி மழலைக்குத் திரும்பினாள்? அன்றைக்கு ஆட்டுக்கறி எனக்கு இறங்கவே இல்லை. உன் அம்மா அதைப் பல்வலி என்று நினைத்துக்கொண்டாள்.

முருங்கைக்காயைக் குருமுங்கா என்று அவள் முதன்முதலாகச் சொன்ன நாளில் நானும் அங்கே இருந்தேன். உருண்டு உருண்டு சிரித்தோம். நீ அதைப் படம் பிடித்துப் போட்டாய், ஊரே பார்த்தது. அப்புறம் ஆஸ்பத்திரி 'ஆப்பசித்திரி' ஆனதையும், டிராக்டர் 'டாட்டக்கர்' ஆனதையும் போட்டாய். அவள் பெயரையே அவள் 'யாயினி' என்று சொல்வதையும் போட்டாய். இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைக்கு வாயில் எளிதாக வரும்படி ஒரு பெயர் வையடா என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ழகரம் இருக்கிற பெயர்தான் வேண்டும் என்று நின்றவன் நீ. அந்த ழகரம் அவளுக்கு வரவில்லை என்று ஊருக்குக் காட்டுகிறவனும் நீ. இந்த நியாயத்தை எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது?

உன் மழலையை எடுத்துக்காட்டச் சொல்லி மருமகள் பலமுறை கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு படமும் கிடையாது, பதிவும் கிடையாது. கணபதியில் நம் வீடு லேத் பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது உனக்கு நினைவிருக்கும். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஆரோக்கியசாமி, நான். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தோம். நீ நடக்கப் பழகியதே இரும்புச் சுருளுக்கு நடுவில்தான். உன் கால் பட்டுவிடக் கூடாது என்று ஆரோக்கியசாமி நாளெல்லாம் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அலைவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து போகும்போதுகூட, வெள்ளைச் சட்டையோடு பட்டறையை எட்டிப் பார்த்து, "சின்ன மொதலாளி எங்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவரை நீ 'ஆக்கியோ மாமா' என்பாய். மோட்டார் உனக்கு 'டோமார்'. ஸ்பேனர் 'பேஸ்னர்'. தடிமன் அளக்கிற கருவியான வெர்னியர் உன் வாயில் 'வெந்நீர்' ஆகிவிட்டது.

நீ சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தது ஒரு வாரம் இருக்கும். அதற்கப்புறம் அது பட்டறையின் சொல்லாகவே ஆகிப்போனது. "மொதலாளி, வெந்நீ எடுங்க" என்று அவர் கேட்பார், நான் வெர்னியரை எடுத்துக் கொடுப்பேன், இரண்டு பேருக்கும் அதில் வேடிக்கையாக ஒன்றும் தெரியாது. ஒரு நாள் பம்பு கம்பெனியிலிருந்து ஒரு பெரிய மனிதர் சரக்கைப் பார்க்க வந்தார். ஷாஃப்டைக் கையில் எடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்றார். ஆரோக்கியசாமி பவ்வியமாக, "ஒரு நிமிசம் இருங்க, வெந்நீ எடுத்துட்டு வாரேன்" என்றார். அந்த மனிதர், "பரவால்லீங்க, இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று அவர் கூரையைப் பார்க்க, நான் தரையைப் பார்க்க, அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த ஆள் கடைசிவரை நம் பட்டறையில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மரியாதை பழகட்டும் என்று பெரியவர்களே பிள்ளைகளிடம் வாங்க போங்க என்று பேசுவோம் இல்லையா? "சாமி வாங்க, சோறு உண்ணுங்க" என்று உன் அம்மா உன்னைக் கூப்பிடுவாள். நீ அதை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டாய். எங்கே போயிருந்தீங்க என்று கேட்டால், "நான் வெளையாடப் போனாங்க" என்பாய். உனக்கு நீயே கொடுத்துக்கொண்ட மரியாதையைப் போல ஒரு மந்திரிக்குக்கூடக் கிடைத்திருக்காது. ஒரு தடவை தெருநாய் துரத்தி, விழுந்தடித்து ஓடிவந்து, மூச்சு வாங்க நின்றாய். "நாயி என்னையக் கடிக்க வந்தாருங்க" என்றாய். "கடிக்க வந்தவருக்கு என்னங்க சாமி அம்புட்டு மரியாதை?" என்று உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நீ யோசித்துவிட்டு, "பெரிய நாயிங்கம்மா" என்றாய். வயதில் மூத்த நாய் என்று நினைத்தாயோ என்னவோ.

உன் அம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. விருந்தாளி வந்தால் உன்னைக் கூடத்தில் நிறுத்தி, "டோமார் சொல்லுங்க சாமி, பேஸ்னர் சொல்லுங்க சாமி" என்று ஆரம்பித்துவிடுவாள். நீ ஒரு தடவை சொல்வாய், ரொம்பக் கெஞ்சினால் இன்னொரு தடவை. அதற்கு மேல் கேட்டால் பல்லைக் காட்டிவிட்டு லேத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வாய். விருந்தாளி காப்பியைக் குடித்துவிட்டு, வாரேனுங்க என்று எழுந்து போவார். வேடிக்கையும் அவரோடு தெருமுனை தாண்டிப் போய்விடும். உன் போனில் வந்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளிகள் எழுந்தே போவதில்லை, கண்ணு. அவர்களுக்கு நாளைக்கும் ஒரு டோமார் வேண்டும், நாளை மறுநாளும் ஒரு பேஸ்னர் வேண்டும்.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் பையைக் கழற்றி வீசிவிட்டுப் பட்டறைக்குள் வந்தாய். மேசை மேல் கிடந்ததை எடுத்து ஆரோக்கியசாமியிடம் நீட்டி, "மாமா, வெர்னியருங்க" என்றாய். அவர் ஓடுகிற லேத்தை நிறுத்தினார். கரண்ட் போனால்தான் நாங்கள் லேத்தை நிறுத்துவோம். "கேட்டீங்களா மொதலாளி?" என்றார். கேட்டேன். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் யாரோ எதையோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணாச்சி கடைக்குப் போய்த் தேன்மிட்டாய் வாங்கி வந்து, "சாமி, ஒரே ஒருக்கா பழையபடி சொல்லுங்க" என்று கேட்டேன். நீ என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாய். "அது தப்புங்கப்பா" என்றாய். மிட்டாயை மட்டும் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாய். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து ஆரோக்கியசாமி, "உடுங்க மொதலாளி, பையன் பாஸாயிட்டான்" என்றார். அதற்குப் பின் நாங்கள் இருவரும்தான் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இருந்தோம். பட்டறையை விற்கிறவரைக்கும் எங்களுக்கு அது வெந்நீர்தான். நீ அதை எங்களிடம் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வளர்ந்துபோனாய். பிள்ளை என்றால் அப்படித்தான் போக வேண்டும்.

இப்போது யாழினிக்கு வருகிறேன். காதுப் புண் ஆறட்டும், பள்ளிக்கூடம் திறக்கிறவரை தோட்டத்தில் இருக்கட்டும் என்று அவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். எங்களுக்கு அது திருவிழா. காலையில் எழுந்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கு வந்துவிடுவாள். போன வாரம் மலையடிவாரத்திலிருந்து யானை இறங்கி நம் தென்னம்பிள்ளை இரண்டைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. மட்டையெல்லாம் கிழித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பாருங்க, ஆனை வந்துட்டுப் போயிட்டாருங்களா? சாப்புட்டாருங்களா?" என்று தாத்தனான என்னிடம் விசாரித்தாள். எனக்கு நஷ்டம் மறந்துவிட்டது. உன் ரத்தம்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு நாள் அவளை பஸ்ஸில் உக்கடத்துக்குக் கூட்டிப்போனேன், குளத்தைக் காட்டலாம் என்று. பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது நம்ம குருமுங்கா பாப்பாதானுங்களே?" என்றார். ஆமாங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் வெளியே வந்துவிட்டது. "சொல்லு கண்ணு, ஒருக்கா சொல்லு" என்றார். யாழினி சொன்னாள். பஸ்ஸே சிரித்தது, கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பெருமையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினோம். நடந்து திரும்பும்போது பார்த்தேன், பிள்ளை தலையைக் குனிந்து காலை இழுத்துக்கொண்டு வந்தாள். கால் வலிக்குதுங்களா என்றேன். இல்லீங்க என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டேன், வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தோப்பில் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். சூலூர்ப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது. குதித்து எழுந்து, இரண்டு கையையும் ஆட்டி, "அப்பாருங்க, ஹெலிகாப்டருங்க! ஹெலிகாப்டருங்க!" என்று கத்தினாள். மணி அடித்த மாதிரி அத்தனை சுத்தமாக. ஹெலிகாப்டர் மலைக்குப் பின்னால் போய் மறைந்தது. அவள் வந்து என் பக்கத்தில் குந்தினாள். குழாயை விரலால் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாருங்க, ஹெலிகாப்டரை எப்படீங்க தப்பாச் சொல்றது?"

எனக்குப் புரியவில்லை. என்னங்க அம்மணி கேக்கறீங்க என்றேன்.

"தப்பாச் சொல்லக் கத்துக்குடுங்க. குருமுங்கா பழசாயிப்போச்சுங்க. அப்பா புதுசு கேக்கறாருங்க."

சிரித்துவிட்டேன். குழந்தை விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நானும் இறங்கிவிட்டேன். 'எலிகாப்டர்' என்று சொல்லிப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினாள். "அது பெங்களூர் பாப்பா சொல்லிருச்சுங்க" என்றாள். உன் போனில் வேறு பிள்ளைகளின் படங்களையும் பார்த்து வைத்திருக்கிறாள். 'கெலிஹாப்டர்' என்றேன். வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "சிரிப்பு வரலீங்க" என்று தள்ளிவிட்டாள். 'எக்கிலாப்பர்' என்றேன். அதற்குக் கொஞ்சம் யோசித்தாள். ஷாஃப்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது தேறாது என்று ஒதுக்குகிற கம்பெனி ஆளைப் போலத் தலையை ஆட்டினாள். பத்தாயிரம் ஷாஃப்டைப் பிசகில்லாமல் கடைந்து கொடுத்தவன் என்று மார்தட்டுகிற நான், நாலு வயசுப் பிள்ளை கேட்டபடி ஒரு பிசகு செய்துகொடுக்கத் தெரியாமல் சேற்றில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதும் விளையாட்டாகத்தான் கேட்டேன். "ஏனுங்க அம்மணி, நீங்கதான் இத்தனை திருத்தமாச் சொல்றீங்களே, அப்புறம் எதுக்குங்க தப்பாச் சொல்லோணும்?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உன் அம்மா அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டு என் காதருகில் வந்தாள்.

"திருத்தமாச் சொன்னா அப்பா 'ப்ச்'சுன்னுட்டு போனை எடுத்துட்டு அந்த ரூமுக்குப் போயிர்றாருங்க. தப்பாச் சொன்னா எம்பட பக்கத்துலயே உக்காந்துக்குவாருங்க. ரெண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பாப்போமுங்க. அப்பா எம்பட தலை மேல தலைய வெச்சுக்குவாருங்க."

சொல்லிவிட்டு, "அப்பாகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். அதற்கான பாவம் என்னோடு போகட்டும்.

முதலில் உன் மேல் கோபம் வந்தது. அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து உன்னை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியது. உன் அம்மா டிபன் சாப்பிடக் கூப்பிட்டாள், வழக்கம்போல அது ஜெயித்தது. இட்லியைப் பிட்டுக்கொண்டே யோசித்தபோது கோபம் போய்விட்டது. நீ அவள் மேல் உயிரை வைத்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாதா? ஆபீஸ் வேலை வீட்டுக்குள்ளும் உன்னைத் துரத்திக்கொண்டு வருகிறது. நான் பட்டறையில் வேலை பார்த்தபோது நீ என் காலடியிலேயே கிடந்தாய். நான் உன்னைத் தேடி வர வேண்டியிருக்கவில்லை. உனக்கு அந்த வசதி இல்லை. அன்றாடம் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்க உனக்கு ஒரு வழி கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டாய். நானாக இருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன். தேன்மிட்டாய் வாங்கி வந்தவன்தானே நான்? என் கையில் அப்போது உன் போன் இருந்திருந்தால் நீ இன்றைக்கும் டோமார் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாய்.

நீ போட்ட படங்களையெல்லாம் அழித்துவிடு என்று சொல்ல வரவில்லை. உன் அம்மா காலையில் சுப்ரபாதத்துக்கு முன்னால் அதைத்தான் போட்டுப் பார்க்கிறாள், அழித்தாயானால் அவள் என்னைத்தான் வைவாள். பிள்ளை தப்பாகப் பேசினால் உடனே திருத்து என்றும் சொல்லவில்லை. உன்னை நாங்கள் ஒரு நாளும் திருத்தியதில்லை, நீயாகத்தான் திருந்தினாய். எனக்கு இருக்கிற பயம் ஒன்றே ஒன்றுதான். ஜூன் மாதம் அவள் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அங்கே திருத்தமாகப் பேசினால் டீச்சர் கைதட்டுவார். வீட்டில் தப்பாகப் பேசினால்தான் அப்பா உட்காருவார். அந்தச் சின்ன மண்டைக்குள் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பிள்ளை அல்லாடப் போகிறாள். இப்போதே ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னால், எது வேண்டும் இவர்களுக்கு என்று எதிராளியின் கையைப் பார்க்கிறாள். காதுகுத்தில் அழுகையைப் பாதியில் விழுங்கினாளே, அதை என்னால் மறக்க முடியவில்லை. வலித்தால் அழுது முடிக்கிறவரை அழ வேண்டியதுதானே குழந்தை?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தோப்பைச் சுற்றினேன். என்னென்ன சொல்லத் தெரியும், எனக்கு மட்டும் சொல்லுங்க என்றேன். முருங்கைக்காய் என்றாள். ஆஸ்பத்திரி என்றாள். டிராக்டர் என்றாள். மேட்டுப்பாளையம் என்றாள், அதைச் சொல்லும்போது என் தலைமுடியை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முறை இழுத்தாள். கடைசியாக, நான் கேட்காமலேயே, "எம்பட பேரு யாழினிங்க" என்றாள். அந்த ழகரத்தை நீ கேட்க வேண்டும், கண்ணு. நாக்கை உள்ளே மடித்து, நிறுத்தி, தேங்காயை உடைக்காமல் இறக்கி வைப்பது போல வைத்தாள். உனக்கே அவ்வளவு சுத்தமாக வராது. நீ தேடித் தேடி வைத்த பெயர், அதை அவள் முதன்முதலாகச் சரியாகச் சொல்லக் கேட்டவர்கள் நானும் தென்னைமரங்களும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

உன் வெர்னியரை நான் கேட்டேன். இரும்புத்தூள் படிந்த கையோடு நின்று கேட்டேன், வருத்தப்பட்டேன், அப்புறம் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரிடம் பெருமைப்பட்டேன். அந்தச் சுகம் உனக்குக் கிடைக்காமல் போகிறதே என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. பிள்ளை ஒளித்து வைத்திருக்கிறாள், நீ வாங்கிக்கொள்ள மாட்டாய் என்று நினைத்துக்கொண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போக வருகிறாய். நான் எதையும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வா. ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள் என்றால் கூப்பிடட்டும், லேத்தை நிறுத்தினால் உலகம் நின்றுவிடாது. தோப்பில் அவள் பக்கத்தில் உட்கார், மண்ணாகும் என்று பார்க்காதே. எதையாவது காட்டி, இது என்னங்க யாழி என்று கேள். உடனே சொல்ல மாட்டாள். முதலில் உன் கையைப் பார்ப்பாள். கையில் ஒன்றும் இருக்காது. பிறகு உன் முகத்தைப் பார்ப்பாள். தப்பாகச் சொன்னால் சிரி, நன்றாகவே சிரி. ஆனால் திருத்தமாகச் சொன்னாளானால், கண்ணு, அப்போதுதான் நீ எழுந்திருக்கக் கூடாது. அவள் தலை மேல் உன் தலையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திரு.

உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும்.

அப்பா